அம்மா ட்ரெட்மில்லை விட்டு இறங்கியபோது

போன செவ்வாய்க்கிழமை, என் வாயால் அம்மாவின் கால் கெடப் பார்த்தது.

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். குத்தாலம் பக்கத்து வயல்களில் நாற்பது வருஷம் குனிந்தே நடவு நட்ட உடம்பு. இப்போது தஞ்சாவூரில் பிசியோதெரபி. 'நடக்கலைன்னா மூட்டு இறுகிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது' என்று கறாராகச் சொல்லியிருந்தார் தெரபிஸ்ட் ஷகிலா.

அம்மாவோ இதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. கூலி இல்லாமல் யாராவது நடப்பார்களா என்பது அவர் கட்சி.

அவரைக் குஷிப்படுத்த நான் கண்டுபிடித்த வழி — இங்கிலீஷ் வார்த்தைகள். எம்.ஏ. இங்கிலீஷ் படித்ததற்கு வேறென்ன பயன்? மஸில் என்றால் லத்தீனில் சின்ன எலி என்றேன். தோலுக்கடியில் எலி மாதிரி ஓடுகிறதே, அதனால் வந்த பெயராம். அம்மா உடனே கையை மடக்கிப் பார்த்துக்கொண்டார். வரப்பில் வளை தோண்டும் எலியைத் தெரியாதவரா? பைசெப்ஸ் என்றால் ரெண்டு தலை என்றதும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஐந்து நிமிஷம் நடந்துவிட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்... நிறுத்துகிற ஆளா நான்?

ட்ரெட்மில் அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஜெயிலில் இருந்தது, தண்டனையாகக் கைதிகளை மணிக்கணக்கில் மிதிக்கவிட்ட சக்கரம் அது என்று உளறிவிட்டேன்.

அம்மா மெஷினை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஷகிலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — எரிந்து போகாதது என் அதிர்ஷ்டம்.

அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தக் கைதிங்க வெளிய வந்தப்ப கூலி கூடியிருந்துச்சாடி?"

"தெரியலம்மா. புத்தகத்துல போடல."

"எங்கப்பா வந்தப்ப கூடியிருந்துச்சு."

தாத்தாவை நான் பார்த்ததில்லை. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு, அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று நின்று ஜெயிலுக்குப் போனவர். அம்மா அப்போது சின்னப் பெண். அந்த அரைப்படி வந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் ராத்திரியும் உலை வைத்தார்களாம்.

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினார். ஷகிலாவிடம் கேட்டார்:

"எனக்கு எத்தனை நாளு போட்டிருக்கீங்க?"

"ஆறு வாரம்மா."

"எங்கப்பாவுக்கு மூணு மாசம்" என்றபடி கம்பியைப் பிடித்து ஏறினார்.

முழுசாக இருபது நிமிஷம் நடந்தார். ஷகிலாவுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து மனசுக்குள்ளேயே ஒரு நன்றி சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொன்னால், அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடுவேனே!