ஏழாம் நம்பர் மெசினில் ஒரு நிமிடம்

நேற்றுக் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு விஜயாவின் குரல் வந்தது. பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். "அண்ணே, அம்மாவுக்குக் கருமாதி எல்லாம் முடிஞ்சிருச்சு. போட்டோ நாலஞ்சு இருக்கு. சத்தந்தான் ஒண்ணுமே இல்ல. ஸ்கூல் கம்பியூட்டர்ல அம்மா பேசுனது இருந்துச்சே, அதுல ஒரு மெசினாவது எங்கயாச்சும் கெடக்குமாண்ணே?" வாயில் நுரையோடு நின்று அதை நாலு தரம் கேட்டேன்.

உங்களுக்கு அந்த மெசின்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறினால் தேயிலை ஃபேக்டரி, அதற்குக் கொஞ்சம் கீழே எங்கள் பள்ளிக்கூடம். ஃபேக்டரியில் தூள் அரைக்கிற நாளெல்லாம் வகுப்பறைக்குள் தேயிலை வாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பியூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கிற காற்றாடியைச் சுற்றிப் பழுப்பாகப் பஞ்சு படிந்திருக்கும், அதுவும் தேயிலைதான். மற்ற ஊர் மெசின்கள் சாதாரணத் தூசி தின்றிருக்க, எங்களுடையவை நல்ல உயரத்தில் வளர்ந்த தேயிலையைத் தின்றன என்று எனக்கு ஒரு பெருமை. இன்றைக்கும் ஒரு பழைய பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டுவேன். ஆபிசில் சிரிப்பார்கள்.

மொத்தம் இருபது மெசின்கள். நான் அங்கே ஆய்வுகூட உதவியாளன். இருபத்திரண்டு வயது, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர் பாக்கியம்மா. இடுப்பு வலியால் கொழுந்தெடுப்பதை விட்டுவிட்டு வந்தவர். அவர் மகள்தான் விஜயா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறதுக்கு முதல்நாள் அம்மாவோடு வந்து நின்றாள். அப்போது தோட்டத்து லயத்து வீடுகளில் யாரிடமும் போன் கிடையாது. எனக்கு என்ன தோன்றியதோ, மைக்கைக் கையில் கொடுத்து, "அம்மாவுக்கு ஏதாச்சும் பேசிட்டுப் போம்மா" என்றேன். ஏழாம் நம்பர் மெசினில் பதிந்தோம். அந்த மெசின் ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாது.

அதற்குப் பிறகு பின்னேரம் வகுப்பெல்லாம் கூட்டி முடித்ததும் பாக்கியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் முன்னால் உட்காருவார். எழுத்துத் தெரியாது, எந்தப் படத்தை இரண்டு தட்டுத் தட்டவேண்டும் என்று மட்டும் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்பார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆகஸ்ட் லீவு வந்தது. எங்கள் பக்கம் ஆகஸ்ட் என்றால் மழையும், மிஸ்ட் என்று நாங்கள் சொல்கிற மூடுபனியும்தான். கதவைத் திறந்தால் மிஸ்ட் நேராக உள்ளே வந்து கீபோர்டுகளில் ஈரமாகப் படியும். லீவுக்குள் இருபது மெசினையும் புதுசாக்கவேண்டும். முறை இதுதான்: ஒன்றாம் நம்பரில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு, அதை அப்படியே ஒரு இமேஜாக, முழு நகலாக எடுத்து, வயர் வழியாக மற்றப் பத்தொன்பதுக்கும் அனுப்புவது. அவற்றில் முன்பு இருந்தது எதுவும் மிஞ்சாது. கம்பியூட்டர் ஆசிரியர் குகன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். லீவுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் பையைத் தோளில் போட்டபடி, "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடும். பழசு ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

பத்தொன்பது திரைகளிலும் ஒரே நேரத்தில் நீலக் கோடு நகருவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே ஒன்றுமே தெரியாத வெள்ளை, உள்ளே நீல வெளிச்சம், பெட்டிகளெல்லாம் சேர்ந்து மெல்லிசாக இரைகின்றன. மலையே நித்திரையில் மூச்சு விடுகிறமாதிரி இருந்தது. சூடேறிய மானிட்டர் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் குளிர் காய்ந்துகொண்டு, நானும் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாக்கியம்மா பால் விடாத பிளேன்டீயோடு வந்தார். "இப்ப மகளக் கேக்கலாமாங்க தம்பி?"

திரையில் அறுபத்து மூன்று சதவீதம் ஓடியிருந்தது. பாய்ந்துபோய் ஏழாம் நம்பரின் வயரைப் பிடுங்கினேன். மடத்தனம். அழிந்தது அழிந்ததுதான், பிடுங்கியதில் அந்த மெசினில் புதுசும் பாதியில் நின்றதுதான் மிச்சம். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அழவுமில்லை. சுற்றிப் பார்த்தார்.

"இருவது இருக்கேங்க தம்பி. ஒண்ண விட்டுட்டு அழிச்சிருக்கக் கூடாதா?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மேசைக்காலைச் சுற்றிக் கூட்டுவதுபோல என் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார். நாலாம் நாள், ஒன்றாம் நம்பரில் தமிழ் எழுத்துருவைப் போடவே மறந்திருந்தேன் என்பதைக் கண்டுபிடித்தேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா! இருபதையும் திரும்பச் செய்யவேண்டும். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவன், அவர் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருக்கையில் கேட்டேன்: "விஜயா என்னாம்மா சொல்லுச்சு? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அது மறக்குமா?" என்று விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

மைக்கைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மகளின் குரலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஆரம்பித்தார். "அம்மா, நான் போயிட்டு வாறேன். அழுவாத. மழையில நனையாத. காலுக்கு எண்ணெ தேச்சுட்டுப் படு. அந்தக் கருப்புக் கோழிய அடிச்சுப்புடாத, நான் வந்துதான் திம்பேன்." பிறகு ஒரு இருமல், விஜயா இருமிய அதே இடத்தில். பிறகு கொஞ்சம் சும்மா இருந்தார். அவளும் அப்படித்தான் சும்மா இருந்திருந்தாள். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டதையும் விடவில்லை: "இன்னும் நேரம் இருக்காண்ணே?"

அந்த நிமிடத்தை ஒன்றாம் நம்பரில் வைத்து, இமேஜ் எடுத்து, எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். சவுண்ட் வேலை செய்கிறதா என்று இருபது மெசினிலும் அதையே போட்டுக் கேட்டேன். ஊரிலிருந்து திரும்பிய குகன் சேர், "இதென்ன?" என்று ஒன்றைத் தட்டிக் கேட்டார். முழுக்கக் கேட்டார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அவருக்கும் ஊரில் அம்மா இருந்தார்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஒவ்வொரு ஆகஸ்டிலும் புது இமேஜுக்குள் அந்த நிமிடத்தை முதலில் வைப்பேன். விஜயா திரும்பி வந்தாள். கறுப்புக் கோழி வயசாகி நடக்கமுடியாமல் நடந்துகொண்டிருந்தது. தான் சொன்னதை அம்மா குரலில் கேட்டுவிட்டு, "நானா இதெல்லாம் சொன்னேன்?" என்று சிரித்தாள், பிறகு அழுதாள். நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். எனக்குப் பிறகு வந்தவர் தன் இமேஜைப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிறகு மெசின்களே பழைய இரும்போடு லொறியில் ஏறிப் போயின. ஃபேக்டரியும் மூடியாயிற்று. இப்போது அந்தப் பக்கம் போனால் தேயிலை வாசம் இல்லை.

இதையெல்லாம் விஜயாவுக்கு எப்படிச் சொல்வது? அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடி, பாக்கியம்மா தூக்கிய அளவுக்குக் குரலைத் தூக்கிச் சொன்னேன். மழை, எண்ணெய், கோழி. இருமவேண்டிய இடத்தில் இருமினேன். சும்மா இருக்கவேண்டிய இடத்தில் சும்மா இருந்தேன். "இன்னும் நேரம் இருக்காண்ணே?"

கைபேசிக்கு ஒரு நிமிடக் கணக்கெல்லாம் இல்லை. நான் பேசி முடித்த பிறகும் அது பதிந்துகொண்டே இருந்தது.