ஸ்வெட்டரில் ஓடிய பச்சைக் கோடு

என் வீட்டு மாடி அறையில் சில வருஷமாக ஒருத்தன் குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. சத்தம் போட மாட்டான், அவனைத் தேடி ஒரு ஈ காக்கை வராது. ஆபீஸும் அந்த அறைதான். கட்டிலிலிருந்து எழுந்து மேஜைக்குப் போவான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றான். எனக்குத் தெரிந்து அவன் பார்ப்பது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பும் கையுமாகக் கீழே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் ஒரே ஸ்வெட்டர், ரெண்டு படமாக.

"அம்மா, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"இதுல பச்சைக் கோடு ஓடுது. அதுல வெறும் சிவப்பு. ஏன்டா, உனக்குத் தெரியல?"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதானாம். பெற்றவளிடம்கூடச் சொன்னதில்லையாம். ஒரு துணிக்கடையின் வெப்சைட்டுக்குப் படங்களைச் சுருக்கிக் கொடுப்பது அவன் வேலை. வெளிச்சத்துக்கு ஒரு அளவு, நிறத்துக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக வைக்கலாமாம். நிறத்தைக் கொஞ்சம் குறைத்தால் மனுஷக் கண் கண்டுபிடிக்காது, படமும் சட்டென்று வந்துவிடும். இவன் குறைத்துப் பார்த்திருக்கிறான், இவன் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. இன்னும் குறைத்திருக்கிறான், அப்போதும் மாறவில்லை. கடையின் வெப்சைட் வேகமாகத் திறக்கிறது என்று ஆபீஸில் கைதட்டல் வேறு. இப்போது, வெறும் சிவப்பு என்று வாங்கினவர்கள் கோடு போட்டது வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மறுநாள் மீட்டிங்.

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கம்மா."

"மூக்கச் சிந்திட்டு வா. நிறத்த ஏத்து, நான் சொல்றேன்."

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான்.

"இல்ல... இல்ல... சேறு மாதிரி இருக்கு... இன்னும்... நிறுத்து! கோடு வந்துடுச்சு."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வரலயேம்மா" என்றான்.

"நாளைக்கு உண்மையச் சொல்லிடு."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே, பல்லுதானே தெரியும். நான் மண்டையப் போட்டா யாரக் கூப்பிட்டுக் கோடு பாப்பே?"

சொல்லிவிட்டான். யாரும் சிரிக்கவில்லையாம். வேலை தப்பியது. நிறம் பார்க்க வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். இவன் படம் அனுப்பினால் அவள் "ஓகே" என்று எழுதுவாள். அவ்வளவுதான் பேச்சு. லேப்டாப்போடு கீழே வரவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போனது.

போன வாரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"இது என்ன நிறம்மா?"

"பச்சை."

"எனக்கு நல்லாருக்கா?"

"ராசா மாதிரி இருக்கே. யாரப் பாக்கக் கிளம்பிட்டே?"

"யாரையும் இல்லம்மா. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பி மாடிக்கே ஏறிப்போனான்.