மிஷினின் மூளைக்கு வைத்த பொட்டு

“எங்க வீட்டு மிக்ஸி கெட்டுப்போனா உன்னக் கூப்புடுறேம்மா. இது இருபது டன் மிஷினு. உங்க பட்டறைல ஆம்பளைங்க யாரும் இல்லியா?”

மலேசியாவில், ஈஜோக் ஊரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், என் லேப்டாப் பையைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்டவர் அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர். என் அப்பா வயது இருக்கும். நான் பையைத் திறந்து மீட்டரை எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்து டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். கோலசிலாங்கூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் கனரக வண்டிகளின் மின்னணுக் கோளாறு பார்ப்பவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் வேலையைத் தொடங்கும் முன் சொல்வதில் பயனும் கிடையாது.

வாய்க்கால் தூர் வாரும் வண்டி அது. மழை பிடித்ததிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் தொடர்புப் பிழை என்று காட்டும், எஞ்சின் வேகம் இறங்கும், மண் அள்ளும் கை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வரும். முன்பு வந்த மெக்கானிக்குகள் திரையை மாற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முந்தின நாள் ஒரு வங்காளதேசத் தொழிலாளி வாய்க்காலுக்குள் இறங்கி மட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தபோது, நின்றிருந்த கை திடீரென உயிர் வந்து உதறியிருக்கிறது. வாளி அவர் தலைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது.

தோட்டத்து மேனேஜர் மலாய்க்காரர், சத்தம் போடாத மனிதர். காலையில் என்னையும் வண்டி ஓட்டுபவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: வண்டியின் கோளாறு என்றால் சரிசெய்யலாம், ஓட்டுபவரின் தவறு என்றால் நாளை முதல் வேறு ஆள் ஓட்டுவார்.

இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, பம்புக்கு ஒன்று, அதோடு திரை. மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகளின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. பேட்டரியைத் துண்டித்துவிட்டு அந்தக் கம்பிகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். காட்டியது. கம்பி அறுந்திருக்கவில்லை.

“சொன்னேன்ல, ஒன்னும் தெரியாதுன்னு,” என்றார் வண்டி ஓட்டுபவர், பக்கத்திலிருந்த கூட்டாளியிடம்.

மத்தியானம் மழை கொட்டியது. நான் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மழை விட்டதும் மறுபடி மீட்டரை வைத்தேன். எண் அறுபதுக்குக் கீழே இறங்கி நிலையில்லாமல் ஆடியது. எங்கேயோ ஈரம் அந்த இரண்டு கம்பிகளையும் ஒட்டவைக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். இருக்கைக்குப் பின்னால், பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சொருகும் பிளக்கைக் கழற்றியபோது எண் அறுபதைத் தாண்டி ஏறி, அசையாமல் நின்றது. அந்த முனை கழன்றால் அப்படித்தான் காட்ட வேண்டும்; ஈரம் இருந்தது அங்கேதான். பிளக்குக்குள் பார்த்தேன். ஊசிகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு. அதன்மேல் சிவப்பாக ஒரு சேறு. விரலில் தொட்டு முகர்ந்தேன். குங்குமம்.

“அங்கிள், இதத் தொறந்தீங்களா?”

அவர் எட்டிப் பார்த்தார். “ஆயுத பூசைக்குக் கழுவுனேன். முன்ன ஒரு மெக்கானிக்கு சொன்னான், இதான் மிஷினோட மூளைன்னு. பக்கெட்டுக்கு வச்சோம், செயினுக்கு வச்சோம், மூளைக்கு வைக்காம விட்டா எப்படி?”

“பிளக்கக் கழட்டினீங்களா?”

“உள்ள அழுக்கு இருந்துச்சு. தண்ணி அடிச்சுக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பொட்டு வச்சுத் திரும்ப மாட்டுனேன். நல்லாத்தான் மாட்டுனேன்லா.”

நன்றாக மாட்டப்படவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மடங்கிப் போயிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமத் தூள் ஈரம் பட்டால் மின்சாரத்துக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும். காய்ந்தால் விட்டுவிடும். அவ்வளவுதான் கோளாறு.

அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது.

“மழைத்தண்ணி எறங்கிருச்சுன்னு சொல்லிடும்மா. அதும் தண்ணிதான.”

அது பொய்யும் இல்லை. மழைக்காலம், ஈரம் என்று சொல்லியிருந்தால் மேனேஜர் தலையாட்டியிருப்பார். அடுத்த பூஜைக்கு இவரும் கழுவியிருப்பார், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கழுவியிருப்பார்கள். யாராவது ஒருவர் வாய்க்காலுக்குள் நின்றிருப்பார். நான் பார்த்ததைப் பார்த்தபடியே மேனேஜரிடம் சொன்னேன். பிளக்கைத் திறக்கக் கூடாது என்று இவருக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். மேனேஜர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

பிளக்கை மாற்றினேன். வண்டி அன்றே ஓடியது. மறுநாள் முதல் அதை ஓட்டியவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குச் சுமை தூக்கப் போனார்.

அன்றைக்கு வீட்டில் தட்டைத் தள்ளி வைத்தேன். “உள்ளதத்தான சொன்ன?” என்றார் அம்மா.

“ஆமா.”

“அப்பறம் ஏன் சோறு எறங்கல?”

அப்பாவும் குலை ஏற்றியே தோள் போனவர். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒருமுறை பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஒரு மளிகைக் கடை வாசலில் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். ஒரு தோள் இறங்கியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

“என்னம்மா, வேல எப்படி?”

“போவுது அங்கிள். உங்களுக்கு?”

“வெயிலுதான். ஏர்கான் கேபின்ல உக்காந்தே பழகிட்டேன்ல.” சிரித்தார். பிறகு அரிசி மூட்டையை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “நல்லாத்தான் படிச்சிருக்க.”

பாராட்டா, வேறெதுவுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அந்த வண்டியைச் சர்வீஸுக்கு நான்தான் பார்க்கிறேன். தொடர்புப் பிழை திரும்ப வரவில்லை. புதிதாக ஓட்டுபவர் ஒப்பந்த ஆள். செயினில் காய்ந்த சேறு பாறையாக இறுகிக் கிடக்கிறது. இருக்கைக்குக் கீழே எண்ணெய்த் துணிகளும் பிளாஸ்டிக் பாட்டில்களும். அவர் எதையும் திறப்பதில்லை, எதையும் கழுவுவதுமில்லை. மேனேஜருக்கு அதில் குறை இல்லை. சேற்றுக்குள் ஒரு ஹைட்ராலிக் குழாய் உராய்ந்து தேய்ந்திருந்ததை நான் காட்டிய பிறகுதான், முன்பு வண்டி சுத்தமாக இருந்தது என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் போகவில்லை.

ஆயுத பூஜை மறுபடி வருகிறது. நேற்று மேனேஜருக்கு மலாயில் ஒரு செய்தி அனுப்பினேன். பூஜைக்கு முந்தின நாள் நான் வருகிறேன். பேட்டரியைத் துண்டித்து, எல்லாப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டித் தருகிறேன். எங்கே தண்ணீர் அடிக்கலாம், எங்கே கூடாது என்று வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் காட்டித் தருகிறேன். ஆனால் கழுவப்போவது முன்பு ஓட்டியவராக இருக்க வேண்டும். கழுவி முடித்ததும் என் முன்னால் அவரே வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும்.

படித்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. பட்டறையில் அந்த நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.