வாசலில் கழற்றிவிட்ட ஷூ

எங்கள் அண்ணி எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். சட்டையென்றால் உள்தையல், பாத்திரமென்றால் அடிப்பக்கம், குடையென்றால் கம்பிகள் ஒன்றுசேரும் இடம். துணியாக இருந்தால் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ மனசுக்குள் ஜபிக்கிறவர் மாதிரித் தோன்றும். கடைக்காரர்கள் நின்று நின்று பார்த்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

"பொண்ணு பாக்கப் போனப்ப என்னையும் இப்படித்தான் திருப்பிப் பாத்திருப்பா," என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

"அன்னைக்குப் பாக்காம விட்டுட்டேன். அதனாலதான் இப்ப எல்லாத்தையும் பாக்கிறேன்," என்பார் அண்ணி, கையிலிருக்கிற பொருளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாங்கள் மூன்று பேர் இந்தப் புது நாட்டுக்கு வந்தோம். அண்ணன், அண்ணி, அவர்களோடு இருக்கிற தனி ஆளான நான். அவர்கள் மகளை மட்டும் ஊரில் அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். நிரந்தர வேலை இருக்கிறவர்கள்தான் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்பது இங்கே சட்டம். அண்ணனுக்குக் கிடைத்தது, கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் போகிற மூட்டை தூக்கும் வேலை. அண்ணிக்குத்தான், விடுதிகளின் துணியை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற ஒரு தொழிற்சாலையில், குளிர்காலம் முடியும்வரை பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்று சொல்லி எடுத்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். குளிர்காலம் முடியும்வரை அண்ணி நிற்க வேண்டும்.

நிற்க வேண்டும் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த வேலையே நிற்பதுதான்.

சாப்பாடு கொடுக்க ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். கூடம் முழுக்க நீராவி. ஆள் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். நனைந்த வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளை அண்ணியும் இன்னொரு பெண்ணும் பிடித்து, பெரிய சூடான உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் அது காய்ந்து, வழவழவென்று, மெதுவாக இறங்கிவரும். மேகத்தைப் பிடித்து மடித்து அடுக்குகிற மாதிரி இருந்தது. எங்கேயோ மேலே ஒரு உலகத்தில் அண்ணி வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கீழே பார்த்தேன். ஈரமான சிமெண்டுத் தரையில் அண்ணி ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

குதிகால் வலி. காலையில் கட்டிலைவிட்டு முதல் அடி வைக்கும்போது ஆணிமேல் மிதித்தவர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொள்வார். சுடுதண்ணீர், தைலம், துணிக்கட்டு எல்லாம் செய்து பார்த்தோம். சூப்பர்வைசர் ஒருநாள் பக்கத்தில் வந்து, "உக்காந்து செய்யிற வேலை இங்க கிடையாதும்மா. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றாராம். குரலில் கோபம் இல்லையாம். அதுதான் அண்ணிக்குப் பயமாகப் போய்விட்டது.

"நல்ல ஷூ ஒண்ணு இருந்தா நின்னுடுவேன்," என்றார் அண்ணி.

வந்த புதிதில் கடைகளைப் பார்த்து மயங்கிப் போயிருந்தோம். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். உள்ளே ராத்திரி பகல் இல்லாத வெளிச்சம். தள்ளுபடி, தள்ளுபடி என்று சிவப்பு எழுத்துகள் கொடி மாதிரித் தொங்கும். அந்த வெளிச்சத்தில் வாங்கின குடை முதல் காற்றுக்கே தலைகீழாகப் புரண்டுகொண்டது. அங்கே வாங்கின முதல் ஷூ, மழை வாரத்தில் மீன் மாதிரி வாயைப் பிளந்தது. விலை அதிகமானதில் கை வைக்க எங்களுக்கு வழியில்லை.

அப்புறம்தான் அண்ணிக்கு ஊரின் சூட்சுமம் பிடிபட்டது. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கம்பளிக் கோட்டு குளிர் விலகும்போது இறங்கும். ரொட்டி கடை சாத்துகிற நேரத்தில் பாதி விலைக்கு வரும். ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்த நல்ல கனமான சட்டி, கீறலுக்காகவே மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். "கீறல்லயா சமைக்கப் போறோம்," என்று அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அடிபிடிக்காத சட்டி அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒரு நீளமான கூடம். மரங்கள் வரிசையாக நிற்கிற அமைதியான தெரு. அங்கே இருக்கிறவர்கள் வேண்டாமென்று கொடுக்கிற பொருள்களை அந்தக் கூடத்தில் குறைந்த விலைக்கு விற்று, வருகிற பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். உயரமான ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அந்த வெயிலில் யாரோ உட்கார்ந்த நாற்காலி, யாரோ குடித்த கோப்பை, யாரோ போட்டு வளர்ந்துவிட்ட குட்டிச் சட்டை எல்லாம் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். ஆண்டவன் ஒருத்தருக்குக் கொடுத்து, அவர் வழியாக இன்னொருத்தருக்கு அனுப்புகிறார் என்று எனக்குத் தோன்றும். அங்கே போனால் நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஷூ அங்கேதான் கிடைத்தது. பழுப்பு நிறத் தோல். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை, மூக்கு கொஞ்சம் மொண்ணை. அண்ணி ஷூவின் நாக்கை இழுத்து உள்ளே பார்த்தார். கையை முழுக்க விட்டுக் கண்ணை மூடினார்.

"யாரோ ரொம்ப நடக்காதவங்க போட்டது," என்றார். "குதிகால் இடம் தேயவே இல்ல. ரெட்டைத் தையல். அடியைப் பாரு, வெண்ணெய் மாதிரி அமுங்குது, ஆனா மறுபடி எழும்புது."

போட்டுக்கொண்டு கூடத்தின் கோடிவரை போய்த் திரும்பினார். வரும்போது அவர் முகம் தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை முகம் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் சுவரைப் பிடிக்கிற சத்தம் கொஞ்சம் குறைந்தது. சில வாரத்தில் அறவே நின்றுவிட்டது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவரைத் தாண்டிப் போகும்போது நிற்பதை விட்டுவிட்டாராம்.

குளிர்காலம் முடியப்போகிற சமயம், மகளுக்கு ஒரு போர்வை பார்க்கலாம் என்று அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல்தான் அவருக்கு வேலை. அன்றைக்கு லேசான பனி. தெரு முழுக்கப் பால் கலந்த மாதிரி இருந்தது. கிட்டப் போகும்போது கட்டடத்துக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பலபேர் சேர்ந்து, மெதுவாக, ஏறி இறங்கிப் பாடுகிறார்கள். அன்றைக்குத்தான் முன்பக்கமாக வந்தோம்; இதுவரை நாங்கள் பின்பக்க வழியாகவே வந்து போனதால், கூடத்தை ஒட்டினாற்போல் அவர்கள் சாமி கும்பிடுகிற இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றோம். அண்ணி குனிந்து ஷூவைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, படியோரம் கிடந்த மூட்டைகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் பக்கத்தில் வைத்தார். நான் என் ரப்பர் செருப்பை அதன் பக்கத்தில் விட்டேன். கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். தரை சில்லென்று இருந்தது. எந்த சாமியாக இருந்தால் என்ன, கால் சில்லிட்டதும் மனசும் அடங்கிவிட்டது.

போர்வை கிடைத்தது. நீல நிறம், ஓரத்தில் பட்டு நாடா. எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் படியோரம் என் செருப்பு மட்டும் இருந்தது.

பக்கத்தில் முன்னே இருந்த மூட்டைகளும் அட்டைப்பெட்டிகளும்கூட இல்லை. ஜனங்கள் தானம் கொடுக்கிற பொருளைக் கொண்டுவந்து வைக்கிற இடமே அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே இருக்கிறவர்கள் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். என் செருப்பை அவர்கள்கூடச் சீண்டவில்லை.

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. வெறுங்காலோடு உள்ளே ஓடினார். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற நரைமுடி அம்மாவிடம் தன் காலைக் காட்டி, வாசலைக் காட்டி, அரைகுறை பாஷையில் சொன்னார். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பழுப்பு ஷூவா? ஐயோ, நான்தாம்மா எடுத்து வச்சேன். வச்ச உடனே வித்துப்போச்சே."

"எவ்வளவுக்கு?" என்று கேட்டார் அண்ணி.

அந்த அம்மா சொன்னார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் சொன்னார்: "நான் வாங்கினதைவிடக் கூட்டி வித்திருக்காங்க, பாத்தியா."

நரைமுடி அம்மா எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தெருவைக் காட்டினார். பனிக்குள்ளே, சற்றுத் தூரத்தில், ஒரு பெண் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஆள் மங்கலாகத்தான் தெரிந்தார். காலில் ஷூ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாங்கின கையோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். முன்னால் அண்ணியின் ஷூ தனியாகப் போகிறது. பின்னால் அண்ணி வெறுங்காலில் போகிறார். என் செருப்பைக் கொடுத்தேன், வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஓடவில்லை. கனவில் ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு போவோமே, கால் நகர்கிற மாதிரியும் இருக்கும், நகராத மாதிரியும் இருக்கும், அப்படி இருந்தது. அண்ணியின் தோளில் நீலப் போர்வை சரிந்து சரிந்து விழுந்தது.

நிறுத்தத்தின் பெஞ்சியில் அந்தப் பெண் உட்கார்ந்தார். அண்ணி வயசுதான் இருக்கும். கையில் துடைப்பம் செருகின பை. வீடுகளைச் சுத்தம் செய்து பிழைக்கிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. நரைமுடி அம்மா மூச்சு வாங்க வந்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் அண்ணியின் சிவந்த காலைப் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றி நீட்டினார். பிறகு பையிலிருந்து தன் பழைய ஷூவை எடுத்துத் தரையில் வைத்தார்.

அண்ணி தன் ஷூவை வாங்கினார். அதை மார்போடு பிடித்துக்கொண்டே, மறுகையால் அந்தப் பழைய ஷூவை எடுத்து உள்ளே பார்த்தார். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்து தேய்ந்து பள்ளம் விழுந்து, ஆணி மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அட்டை மடித்துச் செருகியிருந்தார்கள். அண்ணி வெகுநேரம் அதையே பார்த்தார். தன் ஷூவைக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கொடுத்தால் பாவமில்லை, கொடுக்காவிட்டாலும் பாவமில்லை, ஆண்டவனே நீயே ஏதாவது சொல்லு என்று நினைத்துக்கொண்டேன்.

"இதை நான் தரமுடியாது," என்றார் அண்ணி அந்தப் பெண்ணிடம், நம் பாஷையிலேயே. "என் பொண்ணு வரணும்." தன் ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். "நீங்க எழுந்து வாங்க."

"அண்ணி, வேலைக்கு நேரமாச்சு," என்றேன்.

"தெரியும். வா."

அந்தப் பெண் எதற்கென்று புரியாமலே கூட வந்தார். கூடத்தில் பெண்கள் ஷூ வரிசையை அண்ணி கண்ணாலேயே தள்ளிவிட்டார். "இதெல்லாம் அழகுக்குச் செஞ்சது." நேரே ஆண்கள் வரிசைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றாகத் திருப்பினார், வளைத்தார், முகர்ந்தார், கையை விட்டார், ஒதுக்கினார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் கையை விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றை எடுத்து நீட்டினால் அண்ணி மூஞ்சியைச் சுளிப்பார், இவர் சிரிப்பார். பாஷையே தேவைப்படவில்லை. அடுத்த அறையிலிருந்து பாட்டு வந்துகொண்டே இருந்தது. பனி விலகி இறங்கிய ஜன்னல் வெயில் இவர்கள் மடியிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறியது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு கறுப்பு ஷூ. சின்னக் கால் ஆம்பிளை யாரோ போட்டது. பார்க்கச் சகிக்காது. உள்ளே கையை விட்டதும் அண்ணியின் கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பெண் அதைப் போட்டு எழுந்தார். இரண்டு அடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார், கீழே பார்த்தபடி. பழுப்பு ஷூவுக்குக் கொடுத்த பணத்தில் இதன் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு நரைமுடி அம்மா மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அழகில்ல, ஆனா ஏமாத்தாது," என்றார் அண்ணி. அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாரோ, அண்ணியின் கன்னத்தை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அண்ணி தொழிற்சாலைக்கு ஓடித்தான் போனார். போய்ச் சேரும்போது உருளை ஓட ஆரம்பித்து வெகுநேரமாகியிருந்தது. "இதான் கடைசி தடவை," என்றாராம் சூப்பர்வைசர். எல்லோரும் போன பிறகும் அண்ணியை நிறுத்திவைத்து வேலை வாங்கினார். அண்ணி நின்றார். அதற்குப் பிறகும் ஒருநாள் விடாமல் நின்றார். மரங்களில் தளிர் விட்ட வாரம் அவரைக் கூப்பிட்டு நிரந்தரம் என்று சொன்னார்கள்.

மகள் வந்த அன்று காலையில் நாங்கள் மூன்று பேரும் விமான நிலையத்தில் காத்திருந்தோம். கதவு திறந்து திறந்து மூடியது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வளர்ந்த பெண் வந்தாள், எங்களைத் தேடினாள். அண்ணி அதே பழுப்பு ஷூவோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

"அம்மா, தூரத்துல இருந்து அடையாளமே தெரியல. யாரோ இந்த ஊர்க்காரங்க வர்றாங்கன்னு நெனச்சேன்."

"ஏண்டி, நான் அவ்வளவா மாறிட்டேன்?"

"முகமெல்லாம் அப்படியேதான் இருக்கு. நடைதான்மா வேற."

அண்ணி பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே தள்ள ஆரம்பித்தார். அண்ணனும் நானும் பின்னால் போனோம். பெட்டி கனமாக இருந்திருக்கும்போல, ஆனால் அவர் எங்கும் நிற்கவில்லை.