வராத சாமியும் என் பெயர் போட்ட செய்தியும்

இதழியல் படிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். போன மாதம் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயும் அதேதான். முதலில் நல்ல குடை ஒன்று வாங்குங்கள் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யப் பழகுங்கள், ஒருவருடைய பெயரையும் இனிஷியலையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள், பேனா மழைக்கு ஆகாது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஒருவர்கூடக் குறிப்பெடுக்கவில்லை. அந்த வயதில் நானும் எடுத்ததில்லை, அதனால் கோபம் வரவில்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. படிப்பு முடிந்த கையோடு ஒரு நாளிதழின் காஞ்சிபுரம் அலுவலகத்தில் ஒரு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மூத்த நிருபர், அவ்வளவுதான். எங்கள் வீடு பட்டு நெய்கிற வீடு. அப்பாவுக்குப் பத்திரிகை வேலை என்றாலே வேலைவெட்டி இல்லாதவர்கள் சுற்றுகிற சுற்று. எதிர் வீட்டுப் பெண் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போகிறாள், வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. அதே வேனில் எனக்கும் ஓர் இடம் அப்பா பேசி வைத்திருந்தார். ஒரு மாதத்துக்குள் பேப்பரில் என் பெயர் வர வேண்டும், வராவிட்டால் முப்பத்தோராம் நாள் காலை நான் வேன் ஏற வேண்டும். இதுதான் எங்களுக்குள் பேச்சு.

இருபத்தொன்பது நாள் வரவில்லை. குழாய் உடைந்ததை எழுதினேன், லாரி கவிழ்ந்ததை எழுதினேன், எல்லாவற்றிலும் ‘நமது நிருபர்’ என்று போட்டார்கள். முப்பதாம் நாள் கோயில் உற்சவம். சாமி புறப்பாடு மாலை ஏழு மணிக்கு. எங்கள் மாவட்டப் பக்கம் அச்சுக்குப் போவதோ ஆறே முக்காலுக்கு. ஆகவே சாமி கிளம்பும் முன்பே நாங்கள் சாமியைக் கிளப்பிவிட வேண்டும். ஊரில் எல்லாப் பேப்பர்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். எந்த வருஷமும் சாமி வராமல் இருந்ததில்லை, அதனால் யாருக்கும் உறுத்தியதில்லை.

மூத்த நிருபர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போன வருஷத்துச் செய்தியை எடுத்து வாகனத்தை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். நான் விடுவேனா? மூன்று மணிக்கு உட்கார்ந்து வெளுத்து வாங்கினேன். தீவட்டி வெளிச்சம், நாதஸ்வரம், பன்னீர் வாசனை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கைகூப்பும் ஒரு குழந்தையைக்கூடப் பெற்றெடுத்தேன். படித்துவிட்டு அவர், “இதுக்கு உன் பேரைப் போடச் சொல்லி இருக்கேன்மா” என்றார்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஜெராக்ஸ் கடை அக்காவைக் கட்டிப்பிடித்தேன். ‘நாளைய பேப்பர் பார்க்கவும்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அம்மாவுக்கு போன் செய்தேன், பத்தாவது நிமிஷம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போக மனசில்லை. என் பெயரோடு வரப்போகிற கூட்டத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று கோயிலுக்கு ஓடினேன்.

ஆறு மணிக்குப் பிடித்தது மழை. சும்மா தூறல் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் சன்னதித் தெருவில் செருப்புகள் மிதந்தன. மண்டபத்துக்குள் வாகனத்தில் சாமி ரெடி. சுமக்கிறவர்கள் தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு இருபதுக்கு மைக்கில் சொன்னார்கள், இன்று புறப்பாடு இல்லை. கோயில் குடை பிடிக்கிற அண்ணனிடம், மழை விட்டால் கிளம்புவீர்களா என்று கெஞ்சினேன்.

“வுட்டாலும் கிளம்பாதும்மா. அலங்காரம் கலைக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

மூத்த நிருபர் போனை எடுக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் காலையில் என் பெயர் வரும், வேன் வந்த வழியே போகும். மூன்று தடவை போனைப் பைக்குள் போட்டேன். அந்தக் குழந்தைதான் என்னை விடவில்லை. பிறக்காத பிள்ளைக்குத் தோளும் கொடுத்து, கைகூப்பவும் வைத்து, அதற்குக் கீழே என் பெயரா? ஆறு முப்பத்தைந்துக்கு, எங்கள் பக்கத்தைத் தயாரிக்கிற சென்னை டெஸ்க்கைக் கூப்பிட்டேன்.

“சார், சாமி வரலை.”

“எந்தச் சாமிம்மா?”

“நான் எழுதின சாமி சார்.”

நான் அங்கேதான் இருக்கிறேனா என்று அவர் கேட்டார். இங்கேதான் நனைந்துகொண்டு நிற்கிறேன் என்றேன். அப்படியானால் நாலு வரி சொல், நாலு வரிக்குப் பெயர் வராது, தெரியுமில்லையா என்றார். தெரியும் சார் என்றேன். மழை, மைக் அறிவிப்பு, திரும்பிப் போன ஜனங்கள் என்று நாலே வரி சொன்னேன். போனை வைத்ததும் அழுகை வந்தது, அதன் மேலேயே சிரிப்பும் வந்தது. சாமியையே நிறுத்திவிட்டேன் என்று நானாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, தெருவெல்லாம் தண்ணீரை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு நல்ல சுடிதாராக ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா டீக்கடையிலிருந்து மூன்று பேப்பரோடு வந்தார். தெருவில் ஒரே சிரிப்புச் சத்தம். இரண்டு பேப்பரில் சாமி பவனி வந்திருந்தார், திரளான பக்தர்கள் பரவசத்துடன் தரிசித்திருந்தார்கள். எங்கள் பேப்பரில் ஓர் ஓரத்தில் நாலு வரி.

“உன் பேரைக் காணோமே” என்றார் அப்பா.

பெரிய செய்தியை நானே நிறுத்தச் சொன்னேன், இந்த நாலு வரிதான் என்னுடையது என்றேன். அவர் மறுபடியும் அதைப் படித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

“நேத்து தெருவே தேங்காத் தட்டை வெச்சிக்கினு மழையில நின்னுக்கினு இருந்தோம். நானுந்தான் நின்னேன். வரலைன்னு நீ ஒருத்திதான் எழுதிக்கிறே.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. நான் பையை எடுத்தேன். அப்பா எனக்கு முன்னால் வாசலுக்குப் போய், இன்றைக்கு ஆள் வராது என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது. நாளைக்கு நிறுத்தட்டுமா என்றார் அவர்.

“நாளைக்கும் வேணாம்பா” என்றார் அப்பா. “அது பேப்பர்ல வேலை செய்யுது.”