ஒரு திருகுகூட மிச்சமில்லை

அந்த வீட்டில் ஓடுகிற எந்தச் சாமானும் முழுசாக ஓடவில்லை. சுவர்க் கடிகாரம் நேரத்தைக் காட்டும், மணி அடிக்காது. மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால் கூடத்து விளக்கு அணையும். துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் குளியலறையை விட்டுக் கிளம்பிப் போகப் பார்க்கும்; யாராவது ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து சமாதானப்படுத்த வேண்டும். இவை எல்லாமே வீட்டுக்காரர் பிரித்து மாட்டியவை. மாட்டிய பிறகு கையில் மிஞ்சிய திருகு, வளையம், சுருள்கம்பி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் குடியிருந்தன.

"கம்பெனிக்காரன் எப்பவும் நாலு அதிகமாத்தான் போடுவான். அவனுக்குத் தன் வேலை மேலயே நம்பிக்கை கிடையாது" என்பார் அவர்.

தெருவில் அவருக்கு ஆபீசர் என்று பெயர். தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம், 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று அழகான கையெழுத்தில் பதில் எழுதியே காலத்தைத் தள்ளியவர். ஒரு காசு கைநீட்டி வாங்கியதில்லை. "வாங்கியிருந்தா யார் வீட்டுக்காவது தண்ணியாச்சும் வந்திருக்கும்" என்று அவருடைய மச்சினன் சொல்வான், அவர் காதில் விழும்படியாகவே.

மச்சினன் என்றால் நர்ஸம்மாவின் தம்பி. நர்ஸம்மா என்றால் ஆபீசரின் மனைவி. அவள் இன்னும் ஓய்வு பெறவில்லை. படுக்கையில் விழுந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், சிறுநீர்க் குழாய் மாற்றுவாள், உடம்பு துடைத்துவிடுவாள், 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்த வேலைக்காக அவள் வாங்கிய கார்தான் வாசலில் நின்றது. பழைய கார். ஒருநாள் அது பின்பக்கமாக வெள்ளைப் புகை கக்கியது.

"மெக்கானிக்கிட்ட விட்டுடறேன்" என்றாள்.

"அவன் திருடன்."

"திருடனாவே இருந்துட்டுப் போகட்டும். ஓடற வண்டியத் திருப்பிக் கொடுக்கற திருடன்."

ஆபீசர் அதற்குள் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டார். கையில் செல்போன், அதில் யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அவர் பிரித்த அழகைக் குறை சொல்ல முடியாது. கோப்பு கட்டிய கை அல்லவா? ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு, ஒரு நூல், ஒரு எண். வாசல் முழுக்க நாளிதழ் விரித்து வரிசையாக வைத்தார். தூசிதான் எஞ்சினுக்கு விஷம் என்று செல்போன்காரன் சொல்லியிருந்தான். ஆகவே துடைத்தார், மூடினார், மறுபடி துடைத்தார். வீட்டிலிருந்த பழைய துணிகள் ஒவ்வொன்றாக வாசலுக்குப் போயின. பிறகு பழசல்லாத துணிகளும் போயின. ஒரு மாதம் நர்ஸம்மா பஸ்ஸில் போனாள்.

ஊருக்கு வெளியே மேட்டின்மேல் ஒரு லாரிக்காரர் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய், முதுகில் படுக்கைப்புண். பஸ் மேட்டடியோடு திரும்பிவிடும். அதற்குமேல் பையைத் தூக்கிக்கொண்டு நடை. அந்தப் பக்கத்தில் அப்படி இன்னும் சில வீடுகள். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் மதியம் ஆகிவிடும். ஒரு வியாழக்கிழமை அவளை வேலைக்கு அனுப்பும் மேற்பார்வைக்காரி போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை கார் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா மேட்டுப்பக்கம் முழுசையும் புதுப் பொண்ணுக்குக் கொடுத்துடறேன். அவகிட்ட வண்டி இருக்கு."

மேட்டுப்பக்கம் போனால் நர்ஸம்மாவின் வேலையில் பாதிக்குமேல் போயிற்று. பாதி வேலையோடு வீட்டில் உட்கார்ந்து துணி இயந்திரத்தை அடக்குவதா? அவள் வாசலுக்கு வந்தாள்.

"திங்கக்கிழமை எனக்குக் கார் வேணும்."

"இன்னிக்கே கிளப்பறேன். தம்பியக் கூப்பிடு, அவனும் பார்க்கட்டும்."

தம்பி வந்ததும் ஆபீசர் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். "நல்லாப் பாரு மாப்பிள்ளை. எல்லாம் பழைய மிச்சம். இந்தத் தடவை ஒரு திருகுகூட மிச்சமில்ல. எல்லாம் உள்ளே."

"அதான் அத்தான் பயமா இருக்கு" என்றான் தம்பி.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. பற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பேட்டரிமேல் பழி. பக்கத்து வீட்டு பேட்டரியை இரவல் வாங்கிப் போட்டார். எஞ்சின் முன்னைவிட உற்சாகமாக உருண்டது, அவ்வளவுதான். சனிக்கிழமை பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நன்றாகவே பறந்தது. பிளக் மட்டும் பெட்ரோலில் தொப்பலாக நனைந்திருந்தது. அதைக் காயவைக்க நேராகச் சமையலறை அடுப்புக்குக் கொண்டுபோனார்.

"பெட்ரோலோட அடுப்பங்கரைக்கா? வெளிய போங்க!" என்று நர்ஸம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. வெயிலில் காயவைத்தார். மாட்டினார். மறுபடி நனைந்தது.

"பெட்ரோல் வருது. பொறி வருது. அப்புறம் ஏன் கிளம்பல?" என்று காரைப் பார்த்தே கேட்டார், மனு சரியாக எழுதாதவனைக் கேட்பதுபோல.

சாயங்காலம் தள்ளிப் பார்த்தார்கள். ஆபீசர் உள்ளே உட்கார்ந்து உத்தரவு போட, அக்காவும் தம்பியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். தெருமுனை மெக்கானிக் பட்டறை வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"வாக்கிங்கா சார்?"

"டெஸ்டிங்" என்றார் ஆபீசர், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

"அவர்கிட்டயே விட்டுடுங்களேன்" என்று நர்ஸம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்.

"நான் பிரிச்ச எஞ்சின் மேல இன்னொருத்தன் கை வைக்கறதா? என் பிணத்து மேலதான்."

பிணம் எத்தனையோ பார்த்தவள் அவள். திரும்பவும் தள்ளினாள்.

ஞாயிறு காலை. ஆபீசர் பெரிய ஸ்பானரோடு காரின்மேல் கவிழ்ந்திருந்தார். "மறுபடி முழுசாப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். முழுசாகப் பிரித்தால் இன்னொரு மாதம். தம்பி படியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவே நிலைமை மோசம் என்பதற்கு அடையாளம். நர்ஸம்மா கார் வந்தாலும் வராவிட்டாலும் மறுநாளைக்குப் பை அடுக்குகிறவள். அடுக்கிக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, என் பச்சைத் துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"நோயாளிக்கு அடியில விரிக்கறது. தடியா இருக்குமே."

"எனக்கென்ன தெரியும்? துடைக்க எடுத்திருப்பேன்."

"துடைச்சதெல்லாம் வாளியில கிடக்கு. கிளறிப் பார்த்துட்டேன். அதுல இல்ல." அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். "துடைக்கலேன்னா வேற எதுக்கு எடுத்தீங்க?"

ஸ்பானர் நின்றது. ஆபீசரின் பார்வை எஞ்சினின் தலைமாட்டில் காற்று வடிகட்டிக்குப் போகும் கறுப்புக் குழாய்க்கு ஓடி, சட்டென்று திரும்பி வந்து வானத்தைப் பார்த்தது. வலியே இல்லை என்று சாதிக்கும் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே வயதானவள் அவள். கண்டுகொண்டாள்.

"தலை வலிக்குது. ஒரு டீ போட்டுக் கொண்டா" என்றார் ஆபீசர். "மாப்பிள்ளை, நீயும் போய் அக்காவுக்கு ஒத்தாசை பண்ணு."

"ஒரு டீக்கு ரெண்டு பேரா அத்தான்?"

"வாடா" என்று தம்பியின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள் நர்ஸம்மா.

சமையலறை ஜன்னல் வாசலைப் பார்த்திருந்தது. ஆபீசர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குழாயைக் கழற்றினார். உள்ளே இரண்டு விரல் விட்டு இழுத்தார். பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. இழுக்க இழுக்க வந்தது. எஞ்சினுக்குள் ஒரு பொட்டுத் தூசி போய்விடக்கூடாது என்று காற்று போகிற வாயிலேயே துண்டை அடைத்து, மறந்து, அதற்குமேல் குழாயைப் பூட்டி, நான்கு நாளாக அதைக் கிளம்பு கிளம்பு என்று விரட்டியிருக்கிறார் மனிதர். துண்டைச் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் திணித்தார். மூடி மூடவில்லை. மேலே உட்கார்ந்து மூடினார்.

"அக்கா, அது உன்..."

"உஸ். பால் பொங்குது பாரு."

கார் இருமியது. கறுப்பாகக் கக்கியது. பிறகு கிளம்பியது, கிளம்பி நின்று அதிர்ந்தது. இவர்கள் டீயோடு வரும்போது ஆபீசர் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்திருந்தார்.

"என்ன அத்தான் பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. காத்துக்கும் பெட்ரோலுக்கும் விகிதத்துல ஒரு சின்ன முரண்பாடு. சரி பண்ணிட்டேன்."

"அந்த முரண்பாடு என்ன நிறத்துல..." தம்பியின் காலை நர்ஸம்மா மிதித்தாள். அவளுக்கு இப்போது கார் வேண்டும். அதைவிட முக்கியமாக, இனிமேலும் கார் வேண்டும். கையில் கிடைத்த பிடியை இவன் ஒரு சிரிப்புக்கு வீணடித்துவிடுவான்.

மேற்பார்வைக்காரிக்குப் போன் செய்து வண்டி தயார் என்றாள். ஆபீசர் தெருவுக்கெல்லாம் விகிதம் பற்றி விளக்கினார். மெக்கானிக் மிக மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் நர்ஸம்மா டப்பாவைத் திறந்தாள். துண்டை மூன்று தரம் அலசினாள். வாசல் கொடியில், தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு நேராக, மேல்முனை இரண்டையும் இழுத்துக் கிளிப் போட்டாள். அழுக்கு போகவில்லை, நடுவில் குழாய் வாயின் அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்புத் தடம்.

காரில் ஏறினாள். ஆபீசர் காதை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"பிரேக்குல லேசா ஒரு சத்தம் வருது. சாயங்காலம் வந்ததும் பிரிச்சுப் பார்த்து..."

நர்ஸம்மா கொடியைப் பார்த்தாள். ஆபீசரும் திரும்பிப் பார்த்தார். துண்டு காற்றில் நன்றாக ஆடியது.

"...போற வழியில மெக்கானிக்கிட்டயே காட்டிடு" என்றார்.

"ஸ்பானர் பெட்டிய மாடிக்குக் கொண்டுபோயிடுங்க. நான் வரும்போது அது வாசல்ல இருக்கக்கூடாது."

"அந்தத் துண்டு..."

"காயட்டும். அவசரமில்ல."

மேட்டில் கார் முனகாமல் ஏறியது. லாரிக்காரர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

"நீதானா? யாரோ சின்னப் பொண்ணு வருவான்னாங்க, சவரமெல்லாம் பண்ணி வெச்சிருக்கேன்."

"சவரம் வீணாப் போச்சு. திரும்பிப் படுங்க."

அடியில் விரிக்கப் பையில் கைவிட்டாள். துண்டுக்கு அங்கே வீட்டில் வேலை இருந்தது. மேசைமேல் கிடந்த நேற்றைய நாளிதழை எடுத்து உதறி விரித்தாள்.