பேனரில் தெரிந்த கை

எங்கள் வீட்டில் சந்தேகம் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் இருக்கும். அம்மா ஜோதிலட்சுமி கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துச் சந்தேகப்படுவாள், பால்காரர் சிரித்தால் சந்தேகப்படுவாள், அப்பா சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவாள். நானும் அவள் பெண்தானே. செங்கல்பட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள்.

அப்பா திருவேங்கடம் நேர் எதிர். யாரையும் நம்புவார். செய்யூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை உண்டு, வேர்க்கடலை போடுவோம். அது மட்டும் சோறு போடாது என்பதால் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நான் ஆறாவது படிக்கும்போது மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைப் பவுடர் டப்பாவில் செய்து கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் மேலே விளக்கு சுற்றும். கடையில் வாங்கியதுதானே என்று டீச்சர் மார்க் போடவில்லை. மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து, டீச்சர் முன்னால் அதைப் பிரித்துத் திரும்பவும் மாட்டிக் காட்டினார். என் பேச்சை யாராவது நம்பவில்லை என்றால் அவருக்குத் தாங்காது. அப்படி ஒரு அப்பா.

ஆனால் அவர் பெயர் ஊரில் நின்றது, பன்றி விரட்டக் கொல்லையில் நிறுத்தும் பொம்மையால். மற்றவர்கள் சட்டிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கவிழ்ப்பார்கள். அப்பா காகிதக் கூழில் முகமே செய்வார். ஒரு வருஷம் கழுத்தில் அடையாள அட்டையும் காதில் ஹெட்போனும் மாட்டிய சிறுசேரிக்காரன். இன்னொரு வருஷம் போலீஸ்காரர். ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் தூரத்திலேயே பார்த்து அவசரமாக ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரே ஒரு தடவை பொம்பளை பொம்மை செய்தார். அது பக்கத்துக் கொல்லை சின்னப்பொண்ணு ஜாடையில் இருக்கிறது என்று அம்மா கண்டுபிடித்தாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, சின்னப்பொண்ணுவுக்கும் தெரியவில்லை. அம்மா அதை இழுத்துப் போட்டுக் கொளுத்திவிட்டு, "இனிமே பொம்பள பொம்ம செஞ்சே, இந்த வூட்டுல சோறு கெடையாது, சொல்ட்டேன்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே போய்க் கை கழுவினார்.

போன மாசம் ஒரு காலை, படூரில் வேனை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கில் தலை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வண்டியில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் எடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வரும்போது தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டு ஒரு பேனர் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அப்பாவோடு வேன் ஓட்டுகிறவர்கள் வைத்தது. படத்தில் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். அவர் இடது தோளில் ஒரு கை. பக்கத்தில் நின்ற ஆளை வெட்டியவர்கள் கையை விட்டுவிட்டார்கள். செக்கச்செவேலென்று ஒரு பொம்பளைக் கை. நகத்தில் சாயம், மணிக்கட்டில் சிவப்புக் கண்ணாடி வளையல்.

அம்மா நல்ல கறுப்பு. அதுவரை மார்பில் அடித்து அழுதுகொண்டு வந்தவள் அங்கேயே நிறுத்தினாள்.

"யாருடீ அவ?"

"கூட வேல செய்ற யாராச்சும் இருக்கும்மா."

"தோள் மேல கை போட்டுகினா வேல செய்வாங்க?"

அப்புறம் அவள் அழவே இல்லை. அப்பா படத்துக்கு விளக்கும் ஏற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் காணாமல் போன தன் பச்சைச் சேலையைப் பற்றி மட்டும் பேசினாள். கொடியில் காய்ந்த சேலை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெருவையே ஏசியிருந்தாள். இப்போது கணக்கு வேறு மாதிரி கூடியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மனையில் உட்கார மாட்டேன் என்றாள். "அந்தச் செவத்தவள இட்டாந்து ஒக்கார வை. நான் யாரு அந்தாளுக்கு?"

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் வரமாட்டேன் என்றால் ஊர் என்ன பேசும்? எனக்கு ஊர் கூடப் பெரிதில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையில் டியூட்டி என்று ஏன் போனார்? சில நாள் சட்டையில் பெயிண்ட் வாசனை எதற்கு? கேட்டால் ஏன் சிரித்தார்? செத்த அப்பாவைக் குற்றவாளி மாதிரி மனசுக்குள் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே ஆத்திரம் வந்தது, விசாரணை மட்டும் நிற்கவில்லை.

பேனர் வைத்தது மோகன் சித்தப்பா, அப்பாவோடு ஓட்டுகிறவர். போன் போட்டேன்.

"சித்தப்பா, பேனர்ல கீற படம் எங்க எடுத்தது?"

வண்டிச் சத்தத்திலிருந்து தள்ளிப் போனார். பிறகு, "அத போன்ல சொல்ல முடியாதும்மா. நீ மட்டும் நேர்ல வா. அண்ணிக்குச் சொல்லாத" என்றார். சந்தேகத்துக்கு இதைவிட என்ன தீனி வேண்டும்?

காரியத்துக்கு முதல் நாள் பஸ் ஏறிப் படூர் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் முன்னே நடந்து, ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட அறைக்குக் கூட்டிப் போனார். வாசலில் ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு.

"உள்ள யாரு?"

"பார்த்துட்டுக் கோவப்படாத. அண்ணன் சத்தியம் வாங்கிகினாரு."

கதவைத் திறந்தார். பழைய டயர்மேல், பச்சைச் சேலை கட்டி, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

காகிதக் கூழ் முகம். அதே கறுப்பு, கன்னத்தில் அதே மச்சம். ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்கிற அதே பார்வை. செருப்புகூட அம்மா தேய்ந்ததென்று தூக்கிப் போட்டதுதான். கைகள் மட்டும் ஜவுளிக்கடை பொம்மையிலிருந்து கழற்றியவை, சிவப்பாக, நகச்சாயத்தோடு.

"உங்கம்மா இந்த மாதிரி ஒரு பார்வ பார்த்தா பன்னி கொல்லைப் பக்கமே தல வெக்காதுன்னுவாரு. பொம்பள பொம்ம செஞ்சா சோறு கெடையாதாமே, அதான் இங்க ஒளிச்சி வெச்சி செஞ்சிகினு இருந்தாரு. பொம்ம கைய தோள்ல போட்டுகினு எடுக்கச் சொன்னாரு படம். பேனர் கடைக்காரன் வெட்டும்போது கை நின்னுபோச்சி, நான் கவனிக்கல" என்றார் சித்தப்பா. "சாவு வூட்டுக்குப் பொம்மய எடுத்தாந்தா அண்ணி இன்னா சொல்வாங்களோன்னு பயம்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து.

சாயங்காலம் சித்தப்பா வேனிலேயே பொம்மையை ஏற்றி வந்தோம். அம்மா வாசலில் நின்று, வேனில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்ததும் புருவத்தை ஏற்றினாள். இரண்டு புருவமும் எதிரெதிரே நின்றன.

"யாரு இது?"

"நீதான்."

அவள் நம்பவில்லை. கிட்டே போய் முந்தானையைத் திருப்பி, தான் தைத்த கிழிசல் தையலைத் தேடினாள். இருந்தது. மச்சத்தைத் தடவினாள். தோளில் கை போட்ட கதையைச் சித்தப்பா சொல்லச் சொல்ல, அந்தச் சிவப்புக் கையைத் தூக்கி வளையலை ஆட்டிப் பார்த்தாள்.

"எம்மூக்கு இவ்ளோ பெருசாவா கீது?" என்றாள். "யோவ், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா" என்று பொம்மையின் மடியில் விழுந்தாள். தெருவே வந்துவிட்டது.

மறுநாள் மனையில் உட்கார்ந்தாள். வளையலை உடைத்தார்கள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அம்மாதான் சும்மா இரு என்று கையை நீட்டினாள்.

சாப்பாடு முடிந்ததும் பேனரை அவிழ்க்க ஆள் வந்தான். இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் என்று அம்மா தடுத்தாள். சொந்தக்காரி ஒருத்தி, அத்தனை நாளாகக் கேட்கக் காத்திருந்தவள், கண்ணை இடுக்கிப் படத்தைப் பார்த்தாள்.

"தோள்மேல கீதே, அது யாரு கை?"

"என் கைதான்" என்றாள் அம்மா.

"உன் கை எங்கடி இவ்ளோ செவப்பு?"

அம்மா வளையல் இல்லாத தன் கறுத்த கையைப் பார்த்தாள்.

"கலர் அடிக்கறதுக்குள்ள போயிட்டாரு."